டெக் டைவிங் முதல் கோர்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்ட், நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடிய காற்று) என்ற ஸ்கூபா கோர்ஸ்கள் எல்லாம் முடித்துவிட்டு, 40 மீட்டருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பவர்களுக்காக இந்தப் பக்கம். கோர்ஸ் விற்பவர்கள் பெரும்பாலும் மீட்டர் கணக்கில்தான் பேசுவார்கள். நீங்கள் மணிக் கணக்கில் கேளுங்கள்: பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, எத்தனை மணி நேரம் தண்ணீரில் இருக்கப்போகிறேன்? கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரு கேள்வியிலிருந்து வருபவைதான்.

40 மீட்டரைத் தாண்டினால்தான் டெக் டைவிங்கா?

ஆழம் ஒரு அடையாளம், அவ்வளவுதான். பொழுதுபோக்கு டைவிங்கில் எந்த நிமிடத்திலும் நேராக மேலே ஏறிவிடலாம். கடைசியில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதுகூட கூடுதல் பாதுகாப்புக்காகத்தான். டெக், அதாவது டெக்னிகல் டைவிங்கில் அந்த வசதி இல்லை. உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, குறிப்பிட்ட ஆழங்களில் நின்று நின்றுதான் வர வேண்டும். இதைத்தான் டீகம்ப்ரஷன், சுருக்கமாக டெக்கோ என்கிறார்கள். 30 மீட்டரில் நீண்ட நேரம் இருந்தாலும் இந்தக் கட்டாயம் வந்துவிடும். குகைக்குள்ளோ மூழ்கிய கப்பலுக்குள்ளோ போனால் தலைக்கு மேல் நிஜமாகவே கூரை இருக்கும். எது கெட்டாலும் அதைக் கீழேயே சரிசெய்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தை உண்டாக்குவதுதான் கோர்ஸின் வேலை.

என்னிடம் 30 டைவ் இருக்கிறது. சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். டி.டி.ஐ., பாடி இரண்டும் டைவிங் பயிற்சி தந்து தேர்ச்சி அட்டை கொடுக்கும் நிறுவனங்கள். டி.டி.ஐ.யின் டீகம்ப்ரஷன் கோர்ஸுக்கு 25 டைவ் போதும். பாடியின் டெக் 40-க்கு 30 டைவ், அதில் குறைந்தது 10 டைவ் 18 மீட்டருக்குக் கீழே நைட்ராக்ஸில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் வயது 18.

சேரலாமா என்று கேட்டால் என் பதில் வேறு. அந்த எண்கள் வாசற்படி உயரம் மட்டுமே. டிரைவிங் லைசென்ஸ் வாங்கிய வாரமே கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறலாம், சட்டம் தடுக்காது; அதுபோலத்தான் இதுவும். நூறை ஒட்டிய டைவ்கள், அதிலும் ஒரே இதமான பவளப்பாறையில் போட்டவை மட்டுமில்லாமல், நீரோட்டத்திலும் கலங்கிய நீரிலும் போட்டவையும் இருந்தால் கோர்ஸ் உடம்பில் ஒட்டும்.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். 5 மீட்டரில், கயிறு எதையும் பிடிக்காமல், துடுப்பை அசைக்காமல், கிடைநிலையில் மிதந்தபடி மாஸ்க்கைக் கழற்றி மாட்டுங்கள். நண்பரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மேலும் கீழும் ஒரு மீட்டருக்கு மேல் போகிறீர்கள் என்றால் டெக் கோர்ஸுக்கான பணத்தை இப்போதைக்கு வங்கியிலேயே விட்டுவையுங்கள். அதே பணத்தில் ஒரு சின்னப் பகுதியைச் செலவழித்து மிதவைப் பயிற்சி எடுப்பது நல்லது.

டி.டி.ஐ., பாடி, ஜி.யு.இ.: எது உசத்தி?

இந்தச் சண்டை எந்த டைவிங் படகில் ஏறினாலும் நடக்கும். மூன்று நிறுவனங்களும் வேறு வேறு குணம், அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

டி.டி.ஐ. 1994-ல் தொடங்கியது. வழக்கமான பாதை: அட்வான்ஸ்ட் நைட்ராக்ஸும் டீகம்ப்ரஷன் புரொசீஜர்ஸும் சேர்ந்த கோர்ஸ், எல்லை 45 மீட்டர். அதன்பின் 60 மீட்டர் வரை டிரைமிக்ஸ் (ஆக்சிஜன், நைட்ரஜனோடு ஹீலியமும் சேர்ந்த கலவை), அப்புறம் 100 மீட்டர் வரை அட்வான்ஸ்ட் டிரைமிக்ஸ். உலகில் ஏறக்குறைய எல்லா டைவிங் ஊர்களிலும் இதன் பயிற்சியாளர் கிடைப்பார். பயிற்சியாளருக்குச் சுதந்திரம் அதிகம். அதனாலேயே ஆளுக்கு ஆள் தரமும் மாறும்.

பாடி இதையே சின்னச் சின்னப் படிகளாக உடைத்து வைத்திருக்கிறது: டெக் 40, 45, 50. டெக் 40-ல் மொத்த டெக்கோ நேரம் 10 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. விடுமுறையைப் பிரித்துப் பிரித்து எடுக்க வேண்டியவர்களுக்கு இந்த முறை வசதி. ஆனால் டெக் 40 அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு பெரிதாக எங்கும் போக முடியாது.

ஜி.யு.இ. 1998 முதல் இருக்கிறது. இங்கே எல்லாரும் ஒரே மாதிரி உபகரணம், ஒரே மாதிரி வாயுக் கலவை, ஒரே மாதிரி கை சைகை. புகைபிடிப்பவர்களைச் சேர்ப்பதில்லை. அட்டையைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். முதலில் ஃபண்டமென்டல்ஸ் என்ற கோர்ஸ். ஆழமே கிடையாது, மிதவையும் தண்ணீரில் உடலைக் கிடையாக வைப்பதும் குழு ஒழுங்கும்தான். அதில் 'டெக் பாஸ்' கிடைத்தால்தான் டெக் 1-க்கு வழி. டெக் 1-ன் எல்லை 51 மீட்டர். 'ரெக் பாஸ்' மட்டும் கிடைத்துத் திரும்பியவர்கள் நிறையப் பேர் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கறாரான கூட்டம், சில சமயம் எரிச்சலூட்டும் அளவுக்குக் கறார். ஆனால் ஃபண்டமென்டல்ஸை மட்டும் முடித்துவிட்டு வேறு நிறுவனத்தில் டெக்கோ கோர்ஸ் சேர்பவர்களை நான் புத்திசாலிகள் என்பேன்.

ஐ.ஏ.என்.டி.டி., ரெய்டு, எஸ்.எஸ்.ஐ. போன்ற நிறுவனங்களும் உண்டு. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நல்ல பயிற்சியாளர் எதில் இருக்கிறாரோ அதில் சேருங்கள். அட்டையின் நிறம் 45 மீட்டரில் யாருக்கும் தெரியாது.

நல்ல பயிற்சியாளரை எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்பணம் அனுப்பும் முன் நாலு கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்போது ஒரு மாணவரை 'இன்னும் தேறவில்லை' என்று திருப்பி அனுப்பினீர்கள்? பாடம் எடுக்காமல், உங்களுக்காக நீங்கள் கடைசியாகப் போட்ட டெக் டைவ் எது? ஒரு குழுவில் எத்தனை பேர்? வீடியோ எடுத்துக் காட்டுவீர்களா?

'என்னிடம் எல்லாரும் பாஸ்தான்' என்று பெருமையாகச் சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். டெக் டைவிங்கில் எல்லாரையும் தேற்றுகிறவர் கற்றுக்கொடுக்கவில்லை, அட்டை அச்சடிக்கிறார். குழுவில் மூன்று மாணவர் வரை சரி, அதற்கு மேல் என்றால் நான் தயங்குவேன்.

முடிந்தால் ஒருநாள் அவர் வகுப்பை ஓரமாக இருந்து பாருங்கள். வால்வ் டிரில் (சிலிண்டர் வால்வுகளை மூடித் திறக்கும் பயிற்சி) நடக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். மாணவர் 6 மீட்டரில் மிதந்தபடி வலது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வலப்பக்க வால்வை மூடுவார். வாயில் இருக்கும் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி) இறுகிக்கொண்டே வந்து காற்று நின்றுபோகும். உடனே கழுத்தில் ரப்பர் வளையத்தில் தொங்கும் மாற்று ரெகுலேட்டரை வாயில் வைப்பார். மூடியதைத் திறந்து, நடு வால்வுக்கு வந்து, பிறகு இடது பக்கம். இத்தனையும் நடக்கும்போது முழங்கால் மெல்லத் தொங்க ஆரம்பிக்கும், உடம்பு நிமிரும், 6 மீட்டர் 4 ஆகும். டெக்கோ நேரத்தில் இது நடந்தால் அவர் நிற்க வேண்டிய ஆழத்தைத் தாண்டி ஏறிவிட்டார் என்று பொருள். பயிற்சியாளர் அங்கேயே நிறுத்தி, கீழே இறக்கி, முதலிலிருந்து செய்யச் சொல்கிறாரா, அல்லது 'வால்வு திறந்தாச்சு, ஓகே' என்று கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் காட்டிவிட்டு அடுத்ததுக்குப் போகிறாரா? இந்த ஐந்து நிமிடம் போதும், அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

45 மீட்டர் கோர்ஸ் முடித்தால் மட்டக்களப்பில் ஹெர்மீஸ் கப்பலைப் பார்க்கலாமா?

நம் பக்கத்து ஆட்கள் டெக் கோர்ஸ் பற்றி விசாரிக்க ஆரம்பிப்பதற்கு ஒரு நல்ல காரணம் இந்தக் கப்பல். எச்.எம்.எஸ். ஹெர்மீஸ், விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அதை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடலடி ஏறக்குறைய 53 மீட்டர். கப்பல் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, அதன் மேல்பகுதி நாற்பதுகளின் முற்பாதியில் தொடங்குகிறது.

ஆக, 45 மீட்டர் அட்டை வைத்திருப்பவர் கப்பலின் மேல்விளிம்பை ஒட்டி நீந்தலாம். கீழே மணலில் சிதறிக் கிடப்பவற்றுக்கு இறங்க அந்த அட்டை போதாது. நேரில் பார்த்தால் 'இன்னும் எட்டு மீட்டர்தானே' என்று தோன்றும். அந்த ஆசை வரும் என்று முன்பே தெரிந்துகொண்டு போங்கள். நீரோட்டமும் சில நாள் பலமாக இருக்கும், திறந்த கடல், பற்றிக்கொள்ள இறங்குகயிறு ஒன்றுதான்.

என் யோசனை: கோர்ஸ் முடித்த கையோடு ஹெர்மீஸுக்கு டிக்கெட் போடாதீர்கள். அதே எல்லைக்குள், தெரிந்த இடத்தில், தெரிந்த துணையோடு ஒரு சீசன் டைவ் செய்யுங்கள். பிறகு ஹீலியம் சேர்ந்த கோர்ஸ் எடுத்துவிட்டு வந்தால், ஆழத்தில் நைட்ரஜன் தரும் மயக்கமில்லாமல் கப்பலைப் பார்க்கலாம். கிழக்குக் கரை கடல் அடங்கியிருப்பது சுமாராக ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. காத்திருக்க மனமில்லாதவர்களுக்கு, அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பல் பொழுதுபோக்கு டைவிங் ஆழத்திலேயே இருக்கிறது. ஹெர்மீஸ் பல பேரின் கல்லறை என்பதால் எதையும் எடுக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

சாதாரணக் காற்றிலேயே 50 மீட்டர் போகும் கோர்ஸ் இருக்கிறதாமே? ஹீலியம் செலவு மிச்சமாகுமே?

இருக்கிறது. டி.டி.ஐ.யின் எக்ஸ்டெண்டட் ரேஞ்ச் காற்றில் 55 மீட்டர் வரை போகும். நான் பரிந்துரைக்க மாட்டேன். நைட்ரஜன் மயக்கம் எல்லாருக்கும் தெரிந்த காரணம். அதைவிடப் பொல்லாதது காற்றின் அடர்த்தி.

கடல் மட்டத்தில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.3 கிராம். 40 மீட்டரில் அழுத்தம் ஐந்து மடங்கு, ஆகவே லிட்டருக்கு 6.4 கிராம். டைவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின் அடிப்படையில் இன்று சொல்லப்படும் நல்ல அளவு 5.2 கிராம், அதிகபட்சம் 6.2. காற்றில் முதல் அளவு 31 மீட்டரிலும் இரண்டாவது 39 மீட்டரிலும் முடிந்துவிடும். அதற்குமேல் அடர்ந்த காற்றை நுரையீரல் இழுத்துத் தள்ளத் திணறும், கார்பன் டை ஆக்சைடு உடம்பில் தேங்கும். தேங்கினால் மூச்சு வாங்கும், பதற்றம் வரும், மயக்கமும் கூடும். நீரோட்டத்தை எதிர்த்து நீந்துகிறவருக்கு இது சில நிமிடங்களில் வந்துவிடும்.

21 விழுக்காடு ஆக்சிஜனும் 35 விழுக்காடு ஹீலியமும் உள்ள கலவையில் 45 மீட்டரில் அடர்த்தி 5 கிராம்தான். அதே ஆழத்தில் காற்று 7 கிராமைத் தாண்டும். அதனால் முதல் கோர்ஸிலேயே கொஞ்சம் ஹீலியம் சேர்க்கும் வழி இருந்தால் (டி.டி.ஐ.யில் ஹெலிட்ராக்ஸ், ஜி.யு.இ.யில் டெக் 1) காசு கூடினாலும் அதைத் தேர்ந்தெடுங்கள். தெற்காசியாவில் ஹீலியம் விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்.

கம்ப்யூட்டரே எல்லாம் சொல்லிவிடுகிறதே, கணக்கு எதற்கு?

எப்போது நிற்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும். உங்கள் துணையின் சிலிண்டர் காலியானால் இருவருக்கும் போதுமா என்பதை நீங்கள்தான் முன்கூட்டியே போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கணக்கு பார்க்கலாம், கஷ்டமில்லை.

முதுகில் இரண்டு 12 லிட்டர் சிலிண்டர், 200 பார் அழுத்தம். மொத்தம் 4,800 லிட்டர். 45 மீட்டரில் துணைக்குக் காற்று தீர்ந்துவிட்டது. பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர், இருவருக்கும் 60 என்று வைத்துக்கொள்வோம். நிலைமையைச் சமாளிக்க ஒரு நிமிடம், அங்கே அழுத்தம் 5.5 பார்: 60 × 5.5 = 330. டெக்கோ வாயு (டெக்கோவுக்கான, ஆக்சிஜன் கூடிய தனிச் சிலிண்டர் கலவை) தொடங்கும் 21 மீட்டர் வரை ஏற மூன்று நிமிடம், சராசரி அழுத்தம் 4.3 பார்: 774. அங்கே வாயு மாற்ற ஒரு நிமிடம்: 186. கூட்டினால் 1,290 லிட்டர். 24 லிட்டர் கொள்ளளவுக்கு வகுத்தால் கிட்டத்தட்ட 54 பார். ஆக அழுத்தமானியில் 60 பார் வரும் முன்பே கீழிருந்து கிளம்பியிருக்க வேண்டும்.

இதைத் தாளில் போட வைக்காமல், 'ஆப்பில் போட்டுக்கலாம்' என்று தள்ளிவிடும் கோர்ஸ் வேண்டாம். ஆப் இருக்கட்டும், அது தப்பாகச் சொன்னால் கண்டுபிடிக்கிற அளவுக்கு உங்களுக்குக் கணக்கு வர வேண்டும்.

டெக்கோ சிலிண்டரில் அப்படி என்ன ஆபத்து?

50 விழுக்காடு ஆக்சிஜன் கலவையை 21 மீட்டரில் சுவாசிக்கலாம். தூய ஆக்சிஜன் 6 மீட்டரிலோ அதைவிட ஆழம் குறைந்த இடத்திலோதான். மாற்றி வாயில் வைத்து 21 மீட்டரில் தூய ஆக்சிஜனை இழுத்தால் அழுத்தம் 3.1 பார், ஏற்கும் எல்லையான 1.6-ன் ஏறக்குறைய இரு மடங்கு. வலிப்பு வரும், ரெகுலேட்டர் வாயிலிருந்து விழும். அதனால்தான் சிலிண்டரில் ஆழத்தைப் பெரிய எழுத்தில் ஒட்டுவதும், குழாயை விரலால் தொடர்ந்துபோய் எந்தச் சிலிண்டர் என்று உறுதிசெய்வதும், துணை பார்த்துத் தலையசைத்த பிறகே வாயில் வைப்பதும். கோர்ஸில் இது சலித்துப்போகும் அளவுக்குத் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும்.

முதுகில் இரட்டை சிலிண்டரா, உடலின் பக்கவாட்டில் மாட்டும் சைட்மவுண்ட்டா?

நீங்கள் பிறகு யாரோடு டைவ் செய்யப்போகிறீர்களோ அவர்கள் பயன்படுத்துவதை எடுங்கள். முதுகுவலி, தோள்வலி உள்ளவர்களுக்குச் சைட்மவுண்ட் நிம்மதி. அலையில் ஆடும் சின்னப் படகிலிருந்து குதிப்பதற்கு இரட்டை சிலிண்டர் எளிது.

நேராக ரீபிரீதருக்குப் போய்விடலாமா?

விட்ட மூச்சையே சுத்தம்செய்து திரும்பச் சுவாசிக்கத் தரும் கருவி அது. ஹீலியம் மிச்சமாகும், குமிழிச் சத்தம் இருக்காது, மீன்கள் பக்கத்தில் வரும். எல்லாம் உண்மை. ஆனால் அது கெட்டுப்போவது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். ஆக்சிஜன் குறைந்தால் எச்சரிக்கையே இல்லாமல் நினைவு தப்பும். கெட்டால் கைகொடுப்பது பக்கத்தில் தொங்கும் சாதாரண சிலிண்டரும், அதை வைத்து டெக்கோ முடித்து வரும் பழக்கமும்தான். அந்தப் பழக்கம் முதலில் வரட்டும்.

ஹெர்மீஸ் மாதிரிக் கப்பலுக்குள் நுழைய இதே கோர்ஸ் போதுமா?

போதாது. கூரை உள்ள இடத்துக்குத் தனிப் பயிற்சி: வழிகாட்டிக் கயிறு இழுப்பது, இருட்டில் அதைத் தொட்டே வெளியேறுவது, மூன்றில் ஒரு பங்கு காற்றில் உள்ளே போய் ஒரு பங்கில் திரும்பி ஒரு பங்கைச் சேமிப்பது. குகை டைவர் ஷெக் எக்ஸ்லி 1970-களில் விபத்துகளை அலசியபோது திரும்பத் திரும்ப வந்த காரணங்களில் முக்கியமானவை, வெளிவரை தொடர்ந்து செல்லும் கயிறு இல்லாததும் காற்றைச் சேமிக்காததும். இன்றுவரை பாடம் அதேதான்.

நான்கே நாளில் முடித்துத் தருகிறோம் என்கிறார்களே?

விதிப்படி முடிக்கலாம். டி.டி.ஐ.யின் இணைந்த கோர்ஸுக்குக் குறைந்தபட்சம் ஆறு டைவ், பாடியில் ஒவ்வொரு படிக்கும் நான்கு. நான்கு நாள் தொகுப்பில் கடல் ஒருநாள் கெட்டாலும், காது ஒருநாள் அடைத்தாலும், பயிற்சியாளருக்கும் உங்களுக்கும் அவசரம் வந்துவிடும். ஒரு வாரம் ஒதுக்குங்கள், அதில் முதல் இரண்டு நாள் 10 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே கழிகிறதா என்று பாருங்கள். 'முதல் நாளே 40' என்று ஆசைகாட்டும் அட்டவணையைத் தவிர்ப்பது நல்லது.

திரும்பும் விமானத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். டெக்கோ டைவ் முடிந்து குறைந்தது 24 மணி நேரம் விமானம் ஏறாமல் இருப்பது நல்லது.

எங்கே போய்ப் படிக்கலாம்?

சென்னை, புதுச்சேரியிலிருந்து கிளம்புகிறவர்களுக்குத் தாய்லாந்தின் கோ தாவ் பக்கம். எகிப்தின் தஹாப், மால்டா இரண்டிலும் கரையிலிருந்தே ஆழத்துக்குப் போகலாம், அதனால் படகுச் செலவும் கடல் கொந்தளிப்பும் குறுக்கே வராது. இது பெரிய வசதி: ஒரே நாளில் இருமுறை இறங்கிப் பழகலாம். தஹாபின் புளூ ஹோல் என்ற ஆழக் கடற்குழியில் 55 மீட்டரை ஒட்டி உள்ள வளைவைப் பார்க்கும் ஆசையில் ஒற்றைச் சிலிண்டருடன் போய்த் திரும்பாதவர்களின் பெயர்ப்பலகைகள் கரையில் பாறையில் பதித்திருக்கின்றன. கோர்ஸ் நாட்களில் அந்த வழியாகத்தான் நடந்துபோவீர்கள்.

விலைப்பட்டியலில் எதைக் கவனிக்க வேண்டும்?

எது சேரவில்லை என்பதை. வாயு நிரப்பும் செலவு (ஆக்சிஜனும் ஹீலியமும் லிட்டர் கணக்கில் தனி), உபகரண வாடகை, படகு, அட்டைக் கட்டணம், பாடப்புத்தகம், தேறாவிட்டால் கூடுதல் நாளுக்கு எவ்வளவு. கடைசியாகச் சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரெகுலேட்டர், பேக்பிளேட் (முதுகுத் தகடு), விங் (மிதவைப் பை) எல்லாம் வாங்கிவிட்டுச் சேராதீர்கள். கம்ப்யூட்டர், உடம்புக்குப் பொருந்தும் சூட், மாஸ்க் இவை சொந்தமாக இருக்கட்டும். மற்றவற்றைக் கோர்ஸில் வாடகைக்கு எடுத்துப் பார்த்தபின் வாங்கினால் பாதிப் பணம் மிச்சம்.

மருத்துவப் பரிசோதனை, காப்பீடு?

இரண்டும் வேண்டும். கேள்வித்தாளில் 'இல்லை, இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு இடையே பிறவியிலேயே ஒரு சின்னத் திறப்பு மூடாமல் இருக்கும். பெரும்பாலோருக்குத் தொல்லை தராது. ஆனால் முன்பு டீகம்ப்ரஷன் நோய் (கரைந்த நைட்ரஜன் உடலில் குமிழியாவதால் வருவது) வந்தவர்கள், பார்வையில் ஒளிக்கோடுகள் தெரியும் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் இதைப் பற்றி டைவிங் தெரிந்த மருத்துவரிடம் பேசிவிட்டுச் சேர வேண்டும்.

காப்பீட்டில் ஆழ எல்லையைப் படியுங்கள். பல பாலிசிகள் 40 மீட்டரோடு அல்லது உங்கள் அட்டையின் எல்லையோடு நின்றுவிடும். அந்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை எங்கே இருக்கிறது என்றும் விசாரியுங்கள். அந்தமானில் என்றால் போர்ட் பிளேரின் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) கடற்படை மருத்துவமனை. இலங்கையின் கிழக்குக் கரையில் என்றால் திருகோணமலைக் கடற்படைத் தளம், மட்டக்களப்பிலிருந்து சாலையில் சில மணி நேரம். படகில் ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை நிமிடத்துக்கு வரும் என்று கேட்பதற்கு இதுவே காரணம்.

ஆங்கிலம் சுமாராகத்தான் வரும். சமாளிக்க முடியுமா?

புத்தகத்தை மெதுவாகப் படித்துக்கொள்ளலாம். ஆனால் டைவுக்கு முன் தரும் விளக்கத்தில் ஒரு வார்த்தையும் தப்பக் கூடாது. தொலைபேசியில் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். நீங்கள் சொன்னதைத் திருப்பிக் கேட்டு, புரிந்ததா என்று உறுதிப்படுத்துகிறவரா பாருங்கள். விளக்கம் முடிந்ததும், 'திட்டத்தை நான் ஒருமுறை திருப்பிச் சொல்லட்டுமா?' என்று கேளுங்கள். நல்ல பயிற்சியாளர் அதை அவரே கேட்டிருப்பார்.